கேப்பே பள்ளத்தாக்கும் கேஷ் கிரீக் கேசினோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது வடக்குக் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்தில். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்பே பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. பாதாம் தோப்பு, ஆறு, சாய்ந்து நிற்கும் பழைய மரக் களஞ்சியம் என்று பார்த்துக்கொண்டே வருபவர்கள், புரூக்ஸ் என்ற இடம் வந்ததும் வாயைப் பிளப்பார்கள். வயல்களுக்கு நடுவில் 659 அறைகள் கொண்ட விடுதியும் ஒரு பெரிய கேசினோவும் நிற்கும். அங்கிருந்து வீடு திரும்பும்வரை கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் அதே பதில்களைச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேஷ் கிரீக் என்றால் பணம் ஓடும் ஓடையா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இல்லை. ஆங்கிலத்தில் எழுத்து வேறு (cash அல்ல, cache), உச்சரிப்பு மட்டும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹட்சன்ஸ் பே கம்பெனிக்காக பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கை வேட்டையாடிய பிரெஞ்சு பேசும் வேட்டைக்காரர்கள், தோல் மூட்டைகளை இந்த ஆற்றோரத்தில் புதைத்து வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். அப்படிப் பதுக்கி வைப்பதற்கு அவர்கள் சொன்ன சொல் 'கேஷ்'. பெயர் அதிலிருந்து வந்தது. கேசினோ பின்னால் வந்து பெயருக்குப் புது அர்த்தம் கொடுத்துவிட்டது.

கேப்பே என்ற பெயர் அதைவிடப் பழையது. இந்த மண்ணின் பட்வின் மொழியில் ஓடை, நீரோட்டம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அப்படியானால் கேப்பேயின் கேஷ் கிரீக் என்பது 'நடுசென்டர்' மாதிரி ஒரு பெயர்.

எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

யோலோ கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மேற்குக் கோடியில். சாக்ரமெண்டோவிலிருந்து ஒரு மணி நேரம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து போக்குவரத்தைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். 80-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து 505-இல் வடக்கே திரும்பி, மாடிசன் அருகே 16-ஆம் எண் சாலையைப் பிடித்தால் எஸ்பார்டோ, கேப்பே, புரூக்ஸ், குயிண்டா, ரம்சி என்று வரிசையாக வரும். இவற்றில் எஸ்பார்டோவை மட்டும்தான் ஊர் என்று சொல்ல முடியும். மூவாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல். மற்றவை ஒரு தபால் நிலையம், ஒரு கடை, நாலு வீடு. 1888-இல் ரம்சி வரை ரயில் வந்தது. பழம் ஏற்றிப் போகும் பெரிய பள்ளத்தாக்காக இது மாறும் என்று மனை போட்டு விற்றார்கள். அந்தக் கனவு பலிக்கவில்லை, தண்டவாளமும் போய்விட்டது.

கார் இல்லாதவர்களுக்கு வுட்லண்டிலிருந்து யோலோபஸ் 215 இருக்கிறது. அது கேசினோ வாசலில் இறக்கிவிடும். கேசினோவில் வேலை செய்கிறவர்கள்தான் அதில் அதிகம்.

கேசினோவை யார் நடத்துகிறார்கள்?

யோச்சா டீஹி வின்டுன் நேஷன் என்ற பூர்வகுடி அரசு. 'அரசு' என்று சொல்வதைக் கவனியுங்கள், கம்பெனி இல்லை. 2009 வரை அரசாங்கக் காகிதங்களில் இவர்கள் பெயர் ரம்சி பேண்ட். அது வெள்ளைக்காரர்கள் இட்ட பெயர். அந்த ஆண்டு அதைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தங்கள் பட்வின் மொழியிலேயே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஊற்றுநீர் அருகே உள்ள வீடு என்று பொருள். மிகச் சிறிய இனக்குழு இது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் எல்லோரையும் உட்கார வைத்துவிடலாம்.

இவ்வளவு சிறிய குழுவாக எப்படி ஆனார்கள்?

இதைக் கேட்காமல் மற்ற எதைக் கேட்டாலும் பாதிதான் புரியும்.

பட்வின் மக்கள் சாக்ரமெண்டோ ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து தெற்கே வளைகுடா ஓரம் வரை ஊர் ஊராக வாழ்ந்தவர்கள். ஸ்பானிய பாதிரியார்களின் மிஷன்கள் வந்தபோது சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே, சொனோமா மிஷன்களுக்கு ஞானஸ்நானம் என்ற பெயரில் இழுத்துச் செல்லப்பட்டு உழைப்பில் தள்ளப்பட்டார்கள். 1833-இல் மலேரியா கிராமம் கிராமமாகத் துடைத்தது. 1837-இல் பெரியம்மை. மிச்சம் இருந்தவர்கள்மேல் 1849-இன் தங்க வேட்டைக் கூட்டம் வந்து இறங்கியது.

1907-இல் அமெரிக்க அரசு எஞ்சியவர்களை ரம்சியில் ஒரு ராஞ்சரீயாவில் வைத்தது. கலிபோர்னியாவில் பூர்வகுடிகளுக்குக் கொடுத்த துண்டு நிலக் குடியிருப்புகளுக்கு அப்படித்தான் பெயர். தண்ணீர் ஏறாத வறண்ட மேடு அது. 1940-இல் அங்கிருந்தும் பெயர்த்துத் தெற்கே இன்னும் சிறிய துண்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகள் அரசு மானியத்தில் பிழைப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில்தான் தங்கள் பூமியில் ஒரு பகுதி திரும்பக் கைக்கு வந்தது.

1985 ஜூலையில் அந்த நிலத்தில் ஒரு பிங்கோ கூடம் திறந்தார்கள். எண்களைக் கூப்பிடக் கூப்பிட அட்டையில் குறித்துக்கொண்டே போகும் ஆட்டம் அது. இன்றைய கேசினோவின் வித்து அந்தக் கூடம்தான்.

கலிபோர்னியாவில் கேசினோ சூதாட்டம் தடை என்கிறார்களே. இவர்களுக்கு மட்டும் எப்படி அனுமதி?

அனுமதி என்ற சொல்லே இங்கே கொஞ்சம் இடிக்கும். மாநிலம் பிறப்பதற்கு முன்பே இருந்த இறையாண்மை இவர்களுடையது என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. பூர்வகுடி நிலத்தில் அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டம் செல்லும். மாநிலச் சட்டம் ஒன்றியம் அனுமதித்த அளவுக்கு மட்டுமே செல்லும்.

சண்டை தெற்கே தொடங்கியது. ரிவர்சைடு கவுண்டியில் கபசான், மொரோங்கோ என்ற இரண்டு சிறு குழுக்கள் பிங்கோவும் சீட்டாட்டமும் நடத்தின. மாநிலம் மூடச் சொன்னது. 1987 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் பூர்வகுடிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வாதம் எளிமையானது: நீயே லாட்டரி நடத்துகிறாய், அப்படியானால் சூதாட்டத்தை நீ தடை செய்யவில்லை, ஒழுங்குபடுத்துகிறாய்; அந்த ஒழுங்குமுறையை இன்னோர் அரசின் மண்ணில் போய்த் திணிக்க முடியாது. நம் ஊரில் டாஸ்மாக் நடத்திக்கொண்டே மதுவிலக்கு பேசுவது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

அடுத்த ஆண்டு, 1988 அக்டோபரில், நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மரபு விளையாட்டுகளில் யாரும் தலையிட முடியாது. பிங்கோவை இனக்குழுவே நடத்தலாம், ஒன்றிய ஆணையம் மேற்பார்க்கும். ஸ்லாட் மெஷின் போன்ற முழு கேசினோ ஆட்டங்களுக்கு மாநிலத்தோடு ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்குக் கலிபோர்னியா வழிவிடத் தயங்கியதால் விஷயம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. 1998-இல் ஜெயித்த தீர்மானத்தை மாநில உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டே ரத்து செய்தது. 2000 மார்ச்சில் அரசியல் சாசனத்தையே திருத்தி, சுமார் 64 சதவீத வாக்கோடு மக்கள் வழிவிட்டார்கள். ஓர் இனக்குழுவுக்கு 2,000 மெஷின் என்ற வரம்பு அப்போது இருந்தது. 2004-இல் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் ஐந்து இனக்குழுக்களோடு புது ஒப்பந்தம் போட்டு அந்த வரம்பை நீக்கினார். பதிலுக்கு மாநிலக் கருவூலத்துக்குக் கூடுதல் பங்கு. ஐந்தில் ஒன்று நம் ரம்சி பேண்ட். அதே ஆண்டில் 200 அறைகளோடு விடுதி திறந்தது. மற்ற அறைகள் பின்னால் கட்டியவை.

உள்ளே ரூலெட் மேசையில் பந்து உருண்டாலும் முடிவைச் சீட்டுதான் சொல்கிறது. ஏன்?

நல்ல கண் உங்களுக்கு. 2000 திருத்தம் ஸ்லாட் மெஷினையும் சீட்டாட்டத்தையும்தான் அனுமதித்தது. பகடை, ரூலெட் சக்கரம் அதில் இல்லை. அதனால் கலிபோர்னியாவின் பூர்வகுடி கேசினோக்களில் அந்த ஆட்டங்களின் முடிவைச் சீட்டைப் புரட்டிச் சொல்வார்கள். உண்மையான பகடையையும் விளையாட்டுப் பந்தயத்தையும் கொண்டுவர 2022-இல் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்து படுதோல்வி அடைந்தது.

லாபம் யாருக்கு? ஆளுக்கு இத்தனை லட்சம் என்று பிரித்துக்கொள்கிறார்களாமே. வரியே கிடையாதாமே?

வாட்ஸ்அப்பில் வரும் பாதி உண்மை. 1988 சட்டப்படி கேசினோ வருமானத்தை ஐந்து வகையில்தான் செலவிடலாம்: இனக்குழு அரசை நடத்த, மக்கள் நலனுக்கு, பொருளாதார வளர்ச்சிக்கு, தருமத்துக்கு, அக்கம்பக்க உள்ளாட்சிகளுக்கு. ஆட்களுக்கு நேரடியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் ஒன்றிய உள்துறையிடம் திட்டம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அப்படிக் கிடைக்கும் பணத்துக்கு ஒன்றிய வருமான வரி உண்டு. இனக்குழு அரசு மட்டும் வரி கட்டாது. கலிபோர்னியா அரசு ஒன்றியத்துக்கு வருமான வரி கட்டுகிறதா என்ன?

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. கேசினோ இல்லாத அல்லது மிகச் சிறிய கேசினோ வைத்திருக்கும் இனக்குழுக்களுக்கு, பெரிய கேசினோக்கள் கட்டும் நிதியிலிருந்து ஆண்டுக்கு 11 லட்சம் டாலர் வரை போகிறது. சாலையோரமாக, பெரு நகரத்துக்குப் பக்கத்தில் நிலம் அமைந்தவர்களுக்கு யோகம் அடித்தது. மலைக்கு நடுவில் தள்ளப்பட்டவர்களுக்கு அது இல்லை. அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பும் ஏற்பாடு இது.

யோச்சா டீஹி என்ன செய்தார்கள் என்றால், நிலம் வாங்கினார்கள். தங்களிடமிருந்து போன பள்ளத்தாக்கைத் துண்டு துண்டாக விலை கொடுத்து வாங்கி, பெரும்பகுதியில் விவசாயம் செய்கிறார்கள். ஒலிவ மரம் நட்டு, 2012-இல் சொந்தமாக எண்ணெய் ஆலை திறந்தார்கள். சேகா ஹில்ஸ் என்ற பெயரில் ஒலிவ எண்ணெய், தேன், ஒயின் விற்பனைக்கு வருகிறது. 'சேகா' என்றால் பட்வினில் நீலம். மாலையில் இரண்டு பக்க மலைகளையும் பார்த்தால் ஏன் என்று தெரியும். பிள்ளைகளுக்குச் சொந்தப் பள்ளி வைத்துப் பட்வின் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் முழுக் கதையிலும் பெரிய விஷயம் அந்த வகுப்பறைதான்.

பக்கத்து ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் குறை எப்போதும் சாலை. 16-ஆம் எண் சாலை இருவழி. வளைவும் பள்ளமுமாகப் போவது. டிராக்டரும் நெல் லாரியும் போன பாதையில் இன்று இரவு இரண்டு மணிக்கும் கார்கள் பறக்கின்றன. தோற்றுப்போன எரிச்சலிலும் தூக்கக் கலக்கத்திலும் ஓட்டுகிறவர்கள் அதில் உண்டு. விபத்துகள் நடந்திருக்கின்றன. பாதுகாப்புக்காக ஓரங்களை அகலப்படுத்தும் வேலையும் நடந்தது. அதற்காக மரங்களையும் தோப்புகளையும் எடுக்கிறார்கள் என்று அதற்கும் எதிர்ப்பு வந்தது. நானே ஒருமுறை இருட்டில் எஸ்பார்டோ தாண்டி எதிரே ஒளிவெள்ளமாக வந்த வண்டிக்குப் பயந்து வயலோரம் ஒதுங்கியிருக்கிறேன். அந்தக் குறை நியாயமானது.

இரண்டாவது கவலை நுட்பமானது. இனக்குழு வாங்கும் நிலத்தை ஒன்றிய அரசின் டிரஸ்டில் (இனக்குழுவுக்காக ஒன்றிய அரசே தன் பெயரில் வைத்திருக்கும் ஏற்பாடு) சேர்த்துவிட்டால், அது கவுண்டியின் சொத்து வரியிலிருந்தும் கட்டட விதிகளிலிருந்தும் வெளியே போய்விடும். நாளைக்கு அங்கே என்ன எழும் என்று கவுண்டி கூட்டத்தில் கைதூக்கிக் கேட்க முடியாது. இதற்குத்தான் 2002-இல் தொடங்கிக் கவுண்டிக்கும் இனக்குழுவுக்கும் ஒப்பந்தங்கள் உள்ளன. கேசினோவால் வரும் பாதிப்பை ஈடுகட்ட ஆண்டுதோறும் பணம் வருகிறது.

மூன்றாவதாகச் சிலர் "அமைதியான பள்ளத்தாக்கைக் கெடுத்துவிட்டார்கள்" என்பார்கள். இங்கேதான் எனக்குப் பொறுக்காது. யார் யாருடைய அமைதியைக் கெடுத்தார்கள் என்ற கணக்கை 1985-இலிருந்து தொடங்க முடியாது. 1833-இலிருந்து தொடங்கினால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு பக்கம், யோலோ கவுண்டியில் தனியார் துறையில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது இந்தக் கேசினோதான். அப்புறம் ஒரு வேடிக்கை: பிங்கோ கூடம் திறந்த அதே 1985-இல் சில மைல் தள்ளி குயிண்டாவில் ஃபுல் பெல்லி ஃபார்ம் என்ற இயற்கை விவசாயப் பண்ணை தொடங்கியது. இன்று நாடறிந்த பண்ணை அது. இரண்டும் ஒரே சாலையில், ஒரே ஆற்றுத் தண்ணீரில், நாற்பது ஆண்டுகளாக இருக்கின்றன. ஒன்று வந்ததால் மற்றது அழிந்துவிடும் என்ற ஆரூடம் பலிக்கவில்லை.

தீ வந்தால்?

வரும், வந்திருக்கிறது. 2018 ஜூன் 30-இல் குயிண்டா அருகே பிடித்த தீ 90,000 ஏக்கரைத் தின்றுவிட்டுத்தான் அடங்கியது. யோச்சா டீஹிக்குச் சொந்தத் தீயணைப்புப் படை இருக்கிறது. கேசினோவுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் பள்ளத்தாக்கில் எங்கே அழைப்பு வந்தாலும் போகிறார்கள். கேசினோவைத் திட்டுகிறவர்கள்கூட இந்த வண்டியைத் திட்டிக் கேட்டதில்லை.

பூர்வகுடிகள் எல்லோரும் கேசினோ விஷயத்தில் ஒரே அணிதானே?

அப்படி நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கிருந்து தெற்கே வல்லெஹோ நகரத்தில் ஸ்காட்ஸ் வேலி பேண்ட் என்ற போமோ இனக்குழு கேசினோ கட்ட நினைத்தது. 2025 ஜனவரியில் ஒன்றிய உள்துறை பச்சைக்கொடி காட்டியது. கடுமையாக எதிர்த்தவர்களில் யோச்சா டீஹி முதல் வரிசையில் இருந்தார்கள். அது பட்வின் முன்னோர் மண், அவர்களுடையது அல்ல என்பது வாதம். வளைகுடாப் பகுதி வாடிக்கையாளர்களைப் பாதி வழியிலேயே மறிக்கும் கேசினோ அது என்பதும் உண்மை. இரண்டில் எது பெரிய காரணம் என்று வெளியில் நின்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஆற்றில் இறங்கலாமா? மீன் பிடிக்கலாமா?

கேஷ் கிரீக் வடமேற்கே கிளியர் ஏரியில் பிறந்து மலை இடுக்கு வழியாக ரம்சியில் இறங்குகிறது. கோடையில் இது ஆறு மாதிரி இருந்தாலும் உண்மையில் வாய்க்கால் கணக்கு: மேலே ஏரியிலும் அணையிலும் பாசனத்துக்குத் திறந்தால்தான் தண்ணீர். திறக்கும் ஆண்டுகளில் காற்றடைத்த படகில் போகிறவர்களைப் பார்க்கலாம். வறட்சி ஆண்டில் கூழாங்கல்தான். மேட்டூர் திறந்தாச்சா என்று கேட்கும் தஞ்சாவூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் எதிர்மாறு: வெள்ளமும் மண்சரிவும் வந்து ரம்சிக்கு மேலே சாலையையே மூடிவிடுவார்கள்.

மீனைப் பொறுத்தவரை எச்சரிக்கை. தங்கம் பிரிக்கப் பாதரசம் தேவைப்பட்ட காலத்தில் இந்த மலைகளில் பாதரசச் சுரங்கங்கள் தோண்டினார்கள். சுரங்கங்கள் மூடிப் பல காலமாகியும் பாதரசம் மண்ணோடு ஆற்றில் வந்துகொண்டே இருக்கிறது, மீனின் உடம்பில் சேர்கிறது. எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநிலம் அறிவுரை வெளியிட்டிருக்கிறது. பிடிப்பதற்கு முன் படித்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா ஸ்லாட்டில் பெரிதாக அடித்தால்?

முதலில் சந்தோஷப்படுங்கள். பிறகு கேளுங்கள்: விசிட்டர் விசாவில் வந்தவர்கள் வரிக் கணக்கில் வெளிநாட்டவர். ஸ்லாட் பரிசில் 30 சதவீதத்தைக் கேசினோவே பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கும். சில நாடுகளோடு இதற்கு விலக்கு ஒப்பந்தம் உண்டு. இந்தியா, இலங்கை இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. பிளாக்ஜாக் போன்ற சில மேசை ஆட்டங்களுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. "என் பெயரில் வாங்கிக்கொள்கிறேன்" என்று மகன் முன்வருவது தவறு, அப்படிச் செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.

என் அனுபவம்? 20 டாலர், பத்து நிமிடம். அவ்வளவுதான்.

வீட்டில் ஒருவர் விடமுடியாமல் ஆடுகிறார். என்ன செய்வது?

இது விளையாட்டான கேள்வி இல்லை. நம்மவர்கள் வெளியே சொல்லக் கூசுவதால் கடன் அட்டை நிரம்பிய பிறகுதான் வீட்டுக்கே தெரிகிறது. கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் மாநில அரசு இலவசமாகச் சிகிச்சை தருகிறது. 1-800-426-2537 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். தன்னை உள்ளே விடவேண்டாம் என்று கேசினோவிடம் தானே எழுதிக் கொடுக்கும் வசதியும் உண்டு.

கேசினோவுக்குள் போகாமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா? எப்போது வரலாம்?

தாராளமாக. பிப்ரவரி கடைசியில் வாருங்கள். பள்ளத்தாக்கு முழுக்க பாதாம் பூத்து வெள்ளையாக இருக்கும். 1915-இல் தொடங்கிய பாதாம் திருவிழா அப்போதுதான் ஊர் ஊராக நடக்கும். சேகா ஹில்ஸில் எண்ணெயைச் சுவைத்துப் பார்த்து வாங்கலாம். முதல் வாய்க்குத் தொண்டையில் காரமாகக் கடிக்கும், அதுதான் நல்ல எண்ணெய்க்கு அடையாளம்.

மார்ச்சில் வந்தால் ரம்சிக்கு மேலே மலை இடுக்கில் ரெட்பட் செடி இலை விடுவதற்கு முன்பே ஊதா கலந்த சிவப்பில் பூத்திருக்கும். அதன் குச்சியும் ஆற்று மணலில் ஓடும் கோரை வேரும்தான் இந்த மக்களின் கூடைகளுக்கு மூலப்பொருள். 1993-இல் மறைந்த மேபல் மெக்கே இந்தக் கலையில் பெரும்பெயர் எடுத்தவர். அவர் மகன் மார்ஷல் மெக்கே பல ஆண்டுகள் யோச்சா டீஹியின் தலைவராக இருந்து, 2020 டிசம்பரில் கொரோனாவில் இறந்துபோனார். சாலையோரத்தில் பூவைப் பார்த்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளையை ஒடிக்காதீர்கள், யாரோ கூடைக்காகப் பார்த்து வைத்திருக்கும் செடியாக இருக்கலாம்.